வண்டு வராத ஜாடி

அத்தியாயம் 6

"என் மருந்தைக் கொன்னுட்டாங்க!"

வைத்தியர் நாற்காலியில் உட்காரவில்லை. கதவைக்கூடச் சாத்தவில்லை. கையிலிருந்த தகர டப்பாவை மேஜை மேல் ணங்கென்று வைத்தார். டப்பாவில் அவருடைய படமே அச்சாகியிருந்தது. படத்தில் அழகாகச் சிரித்தார். நேரில் உதடு துடித்தது.

"உடம்பு எங்க சார்?" என்றாள் சில்வண்டு. "கொலைன்னா உடம்பு வேணுமே."

"வாயை மூடு" என்றார் கண்ணாடிக்காரர்.

துப்பறிவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு ஊர் வைத்த பெயர் அது. கண்ணாடி அத்தனை தடிமன். சில்வண்டு அவருடைய அக்கா மகள். சம்பளம் வாங்கும் உதவியாளர், சம்பளம் இல்லாமலே பேசுகிறவள். வாய் ஓயாததால் வீட்டில் வைத்த பெயர் தொழிலிலும் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்காரர் ஒரு கணம் கண்களை மூடினார். புது வழக்கு வந்தால், உண்மை வெளியே வரட்டும், அதனால் ஒரு நல்லவரும் நசுங்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது அவர் பழக்கம். பிறகு கண்களைத் திறந்தார்.

"உட்காருங்க. மெதுவா சொல்லுங்க."

வைத்தியர் சொன்னது இதுதான். அவருடைய மருந்துசாலையில் தயாராகும் சூரணம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று பல வருடங்களாக விற்பனையாகிறது. அதைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆராய்ச்சிக்கூடம் முன்வந்தது. அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்து அவதிப்படுகிற மனிதர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நிஜச் சூரணம். இன்னொரு கூட்டத்துக்கு நிறமும் வாசனையும் அதே மாதிரி இருக்கும் டம்மிப் பொடி. எது யாருக்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் கொடுத்து, ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள்.

"ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம்" என்றார் வைத்தியர். "என் சூரணமும் வெறும் மாவும் ஒண்ணாம்! இன்னிக்கு மத்தியானம் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லப்போறாங்க. சொல்லிட்டா நாளைக்கு என் மருந்துசாலைக்குப் பூட்டுதான்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன? அந்த டாக்டரம்மாதான். அவங்க தம்பி எவனோ ஒரு வைத்தியன் குடுத்த பொடியை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே செத்துப்போனான். அந்தக் கோபத்துல எங்க எல்லாரையும் அழிக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு இருக்காங்க. பழி சார், பழி!"

"இந்தச் சூரணத்தைக் கண்டுபிடிச்சது?"

"நான்தான். டப்பாவுல படம் இருக்கே, தெரியலையா?"

"செய்யத் தெரிஞ்சவங்க வேற யாரு?"

வைத்தியர் நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார். விரலில் மோதிரம் பளபளத்தது. "இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான். கூலிக்கு அரைக்கிறவங்க அரைப்பாங்க. ஆனா சேர்மானமும் பக்குவமும் இந்த மண்டையை விட்டு வெளிய போனதில்லை."

"குடும்பத்துல உதவிக்கு யாரும் இல்லையா?"

"தம்பி ஒருத்தன் இருந்தான். போயிட்டான். அவன் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிடுச்சு. அது குடும்ப விஷயம், இதுல சேராது."

கண்ணாடிக்காரர் வைத்தியரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று, சோப்பு விளம்பரத்துக்குக் கொடுக்கலாம் போலிருந்தன.

*

ஆராய்ச்சிக்கூடத்தின் நீண்ட நடையில் ஸ்பிரிட் வாடை அடித்தது. குளிர்சாதனப் பெட்டிகள் ஒரே சுருதியில் உறுமின. டாக்டரம்மாவின் அறையில் மேஜையும் கணிப்பொறியும் தவிர இருந்தது ஒரே ஒரு பொருள்: சுவரில் ஓர் இளைஞனின் படம்.

கண்ணாடிக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "வைத்தியர் உங்களைத்தான் சொல்றார்."

"சொல்லுவார்."

"உங்க தம்பி விஷயம் உண்மையா?"

டாக்டரம்மா படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவர் முதுகுக்கே தெரியும் போலிருந்தது. "உண்மைதான். 'அக்கா, இந்தப் பொடி உடம்புல எதிர்ப்புச் சக்தியை ஏத்திடும், ஊசி எதுக்கு'ன்னு சொன்னான். நான் ஊர்ல இல்லை. வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இந்தச் சோதனையில இந்தச் சூரணமும் தோக்கணும், இந்த வைத்தியருங்க மூஞ்சி தொங்குறதை நான் பார்க்கணும்னு தினமும் நினைச்சேன். போதுமா?"

"இவ்வளவு பளிச்சுன்னு ஒத்துக்கிட்டா எங்களுக்கு வேலையே இல்லையே டாக்டர்" என்றாள் சில்வண்டு.

"அதனாலதான் ஜாடிப் பக்கமே நான் போகலை. அந்த அறைச் சாவி என்கிட்ட வேண்டாம்னு முதல் நாளே சொல்லிட்டேன். எனக்கு என் கையை நம்ப முடியலை."

தன் கோபத்தைத் தானே பூட்டிவைத்து, சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கிற மனிதர்களை நாம் அதிகம் பார்ப்பதில்லை. கண்ணாடிக்காரர் தலை தாழ்த்தி அதை ஏற்றுக்கொண்டார்.

டாக்டரம்மா கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினார். திரையில் சிவப்பாக ஒரு கோடும் நீலமாக ஒரு கோடும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போலப் போயின. "சிவப்பு மூடி ஜாடி, நிஜச் சூரணம். நீல மூடி, டம்மி. நேத்துதான் எது எதுன்னு பிரிச்சுப் பார்த்தோம். ரெண்டுலயும் எதிர்ப்புச் சக்தி ஒண்ணா ஏறுது."

"ஏறுதா?" என்றார் கண்ணாடிக்காரர். "டம்மியுமா?"

"குளிர் போய் வெயில் வந்தா எல்லாருக்கும் சளி குறையும், தானா ஏறும். அதுக்காகத்தான் ரெண்டு கூட்டத்தை ஒப்பிடுறோம். வித்தியாசம் இல்லைன்னா மருந்து இல்லை."

"ஜாடிகளைப் பார்க்கலாமா?"

*

சாப்பிட்டு மிச்சம் இருந்த ஜாடிகளை எல்லோரும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஜன்னலில்லாத அறையின் அலமாரிகளில் அவை வரிசையாக நின்றன. ஒரு பக்கம் சிவப்பு மூடிகள், ஒரு பக்கம் நீல மூடிகள். சில ஜாடிகளில் சமையலறை எண்ணெய்க் கறை. ஒன்றில் குழந்தை ஒட்டிய நட்சத்திரப் படம். மூலையில் வாய் திறந்த சிறு மூட்டை ஒன்று கிடந்தது.

சில்வண்டு மூட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் துள்ளிப் பின்னால் வந்தாள். "ஐயோ! கூட்டமே நடக்குது உள்ள!"

"என்ன மூட்டை அது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"டம்மி செய்யறதுக்கு வாங்கின வறுத்த மாவு. அதுல நிறமும் துளி கசப்பும் சேர்த்தா டம்மி. மீதி கிடக்கு. வண்டு வந்திருக்கும், தூக்கிப் போடச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

"உன் சொந்தக்காரங்கதான். கும்பிடு போட்டுட்டு வா" என்றார் கண்ணாடிக்காரர் அக்கா மகளிடம். பிறகு ஒரு நீல மூடி ஜாடியைத் திறந்தார். முகர்ந்தார். ஒரு கரண்டியால் கிளறினார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்தது. அலமாரியின் கோடி வரை போனார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது.

"டாக்டர், மூட்டையில வண்டு. அதே மாவுல செஞ்ச டம்மி, எத்தனையோ வீட்டு அடுக்களையில மாசக்கணக்குல திறந்து மூடி இருந்திருக்கு. ஒரு ஜாடியில, ஒரே ஒரு ஜாடியிலகூட வண்டு இல்லை."

"சுத்தமா வச்சிருப்பாங்க."

"எல்லா வீட்டுலயுமா?" என்றாள் சில்வண்டு. "எங்கம்மா ஊருக்கே சுத்தம் சொல்லிக்குடுப்பாங்க. எங்க வீட்டு மாவு டப்பாவைத் திறந்தா வண்டு எங்களைப் பார்த்து, யாரு நீங்கன்னு கேட்கும்."

கண்ணாடிக்காரர் கேட்டார்: "இங்க டீ போடுற அடுப்பு எங்க இருக்கு?"

இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் கொதித்தது. ஒன்றில் மூட்டை மாவு. சில்வண்டு அதன் குடிமக்களைச் சலித்து வெளியேற்றிவிட்டுத்தான் போட்டாள். அது கொஞ்ச நேரத்தில் பொதபொதவென்று பசையானது. கரண்டி நட்டால் நிற்கும். இன்னொன்றில் நீல மூடி ஜாடியின் பொடி. அது கறுத்தது, கலங்கியது, அடியில் படிந்தது. எத்தனை கொதித்தும் கெட்டிப்படவே இல்லை. அறை முழுக்க வேர் வாசனை.

சில்வண்டு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணிக்கொண்டது. "துளி கசப்புன்னு சொன்னீங்க? என் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி இருக்கு."

டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "டம்மியே குடுக்கலையா? ரெண்டு கூட்டத்துக்கும் நிஜ மருந்தா?"

"பாதி மாவு கலந்திருந்தாக்கூடக் கொஞ்சமாவது கெட்டிப்பட்டிருக்கும். முழுக்க முழுக்க மருந்து. ரெண்டு பக்கமும் ஒரே மருந்துன்னா கோடு ரெண்டும் ஒண்ணாத்தானே போகும்?"

"இதைச் செஞ்சவங்க என் சோதனையைக் கொன்னுட்டாங்க" என்றார் டாக்டரம்மா. காலையில் வைத்தியர் சொன்ன அதே வார்த்தை. இருவரையும் ஒருவரே அடித்திருக்கிறார்.

*

"மாமா, எனக்கு ஒரு விஷயம் புரியலை" என்றாள் சில்வண்டு நடையில். "மருந்து தோக்கணும்னா சிவப்பு ஜாடியிலயும் மாவைக் கொட்டினா முடிஞ்சுது. மாவு மூட்டை பக்கத்துலயே இருக்கு. ஒரு காலை வேளை வேலை."

"ம்."

"அதை விட்டுட்டு யாராவது இன்னொரு கூட்டத்துக்கும் சேர்த்து மருந்து அரைப்பாங்களா? எவ்வளவு வேலை! சரியான லூசா இருக்கும்."

"லூசு இல்லை. நீ சொன்னதுலயே ஆள் இருக்கார்." கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெடுக்கணும். ஆனா நோயோட வர்றவங்க கையில வெறும் மாவைக் குடுக்க மனசு வரலை. அதனால எல்லாருக்கும் மருந்தையே குடுத்துக் கெடுத்திருக்கார். டாக்டரம்மாவா இருந்தா மாவு போட்டிருப்பாங்க. மருந்துக் கம்பெனிப் போட்டியாளரா இருந்தாலும் மாவுதான். பழி வாங்கும்போதுகூட அடுத்தவங்க வாயிலிருந்து மருந்தைப் பிடுங்கத் தெரியாத ஒருத்தரை நாம தேடுறோம்."

"இப்படி ஒரு குற்றவாளிக்கு நாம விலங்கு மாட்டணுமா, மாலை போடணுமா?"

"முதல்ல பார்ப்போம். டம்மியை யார் செஞ்சதுன்னு கேட்டியா?"

"கல்வத்தக்கான்னு ஒருத்தவங்களாம். தயாரிப்பு அறையில இருக்காங்க. வேலைக்கு வரும்போதே சொந்தமா ஒரு கல்வத்தைத் தூக்கிக்கிட்டு வந்தாங்களாம். அதான் அந்தப் பேரு."

மருந்து அரைக்கிற கல் உரலைத்தான் கல்வம் என்பார்கள். தயாரிப்பு அறையின் நடுவில் அது இருந்தது. படகு வடிவம், கறுப்புக் கல், அரைத்து அரைத்து உட்புறம் கண்ணாடியாக வழுவழுத்திருந்தது. அதன் எதிரே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்து ஏதோ வேரை அரைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. உட்காருங்க" என்றார், நிமிராமலே.

அறை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அலமாரியில் உள்ள புட்டிகள் எல்லாம் முகம் தெரிய வரிசையாக நின்றன. ஒரு தட்டு மட்டும் வேறு மாதிரி. அதில் வைத்தியரின் தகர டப்பாக்கள். அத்தனையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. ஒன்றில்கூட வைத்தியரின் சிரித்த முகம் தெரியவில்லை.

"கிளாஸ்ல பேசின பையனைச் சுவரைப் பார்த்து நிக்க வச்ச மாதிரி இருக்கே!" என்றாள் சில்வண்டு.

அரைத்த கை நின்றது.

கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, மாவு பிசையறவங்க கை வெளுப்பா இருக்கும். உங்க உள்ளங்கை இவ்வளவு கறுத்திருக்கே?"

கல்வத்தக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறைக்கவில்லை. "இந்த வேர்ச் சாறு ஏறினா போகாது. என் வீட்டுக்காரர் கையும் இப்படித்தான் இருந்தது. போகும்போதும் இந்தக் கறையோடதான் போனார்."

"நீங்க வைத்தியரோட தம்பி மனைவி."

"அந்த உறவை நான் சொல்லிக்கிறதில்லை."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் கல்லில் வைத்து அரைத்தது போல வந்தது.

"இந்தச் சூரணம் என் வீட்டுக்காரரோடது. அவரும் நானும் இதே கல்லுல சாறு விட்டு அரைச்சு, காய வச்சு, திரும்ப அரைச்சு, எது கூட எது எவ்வளவுன்னு வருஷக்கணக்கா பார்த்துப் பார்த்துச் செஞ்சது. அண்ணன் கடையைப் பார்த்துக்கிட்டார். சேர்மானத்தை அவரை நம்பித்தான் சொன்னோம். ஒரு நாள் என் வீட்டுக்காரர் திடீர்னு நெஞ்சு வலின்னார். போயிட்டார். அவர் சட்டை இன்னும் கொடியில காய்ஞ்சுக்கிட்டு இருந்தது. அதுக்குள்ள அச்சகத்துல அண்ணன் படம் காய்ஞ்சுக்கிட்டு இருந்தது."

சில்வண்டு வாய் திறக்கவில்லை. அபூர்வமான நிகழ்ச்சி.

"போய்க் கேட்டேன். படம் உங்களதே இருக்கட்டும் அத்தான், அடியில தம்பி பேரைச் சின்ன எழுத்துல போடுங்கன்னு. கடையில ஆட்கள் இருந்தாங்க. எல்லார் முன்னாலயும் சொன்னார், 'எதிர்ப்புச் சக்தி மருந்துல செத்தவன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்?' எல்லாரும் சிரிச்சாங்க. நான் நின்னுக்கிட்டு இருந்தேன். அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டு இருந்தேன்."

"அதனால..."

"அதனால அவர் படத்தோட அந்த மருந்து ஜெயிக்கக் கூடாது. அவர் கடை வாசல்ல நான் நின்ன மாதிரி அவர் ஊர் முன்னால நிக்கணும். எல்லாரும் சிரிக்கணும். இங்க சோதனை நடக்கப்போகுதுன்னு கேள்விப்பட்டுத்தான் வேலைக்கே சேர்ந்தேன்."

"மருந்து தோத்தா உங்க வீட்டுக்காரர் உழைப்பும் சேர்ந்து தோக்குமே அம்மா?"

"பேரே இல்லாத உழைப்பு தோத்தா என்ன, ஜெயிச்சா என்ன?"

"அப்போ ஏன் சிவப்பு ஜாடியில மாவைப் போடலை?"

கல்வத்தக்கா ஜன்னலைப் பார்த்தார். "போடத்தான் இருந்தேன். மூட்டையைத் திறந்து கையும் வச்சுட்டேன். இந்த ஜன்னல் வழியா வரிசை தெரியும். ஒரு மனுஷர், இருமலா இருமுறார். பின்னால நின்ன அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு தன் நாற்காலியை எடுத்துக் குடுத்துட்டு, சுவத்துல சாஞ்சு நின்னு இருமுறார். அந்த மனுஷருக்கு என் வீட்டுக்காரர் மருந்துன்னு சொல்லி மாவைக் குடுக்கிறதா? முடியலை. மூட்டையை மூடிட்டேன். எல்லாருக்கும் அரைச்சேன்."

"அந்த மனுஷருக்கு நல்லது செஞ்சதா நினைக்கிறீங்களா?"

கேட்டது டாக்டரம்மா. எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கதவருகில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என் தம்பி ஒரு பொடியை நம்பிச் செத்தான். அந்தப் பொடி வேலை செய்யுமா செய்யாதான்னு அதுவரைக்கும் ஒருத்தரும் ஒழுங்காப் பார்க்கலை. பார்த்திருந்தா இருந்திருப்பான். செய்யலைன்னா செய்யலைன்னு தெரியணும். செய்யுதுன்னா செய்யுதுன்னு தெரியணும். அது தெரியாம நீங்க குடுத்தது மருந்தா இருந்தா என்ன, மாவா இருந்தா என்ன? உங்க இந்தக் கருணை என்னோட கோபத்தை விட மோசம்மா."

கல்வத்தக்காவின் நிமிர்ந்த தலை முதல் முறையாகத் தாழ்ந்தது. வைத்தியரைப் பற்றிப் பேசும்போது கலங்காத கண்கள் கலங்கின. யாரோ ஒருவரை அடிக்க ஓங்கிய கை, பக்கத்தில் நின்ற குற்றமற்றவர் மேலும் படாமல் இறங்குவதில்லை. பழி தீர்க்கும் வேலையைக் கடவுள் தன்னிடமே வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"பேரைச் சொல்லிடுங்க" என்றார் கல்வத்தக்கா கண்ணாடிக்காரரிடம். "நான் ஓட மாட்டேன். என் வீட்டுக்காரர் பேரு வராத இடத்துல என் பேராவது வரட்டும். கெடுத்தவள்னு."

கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்து நின்ற டப்பாக்களைப் பார்த்தார்.

"நான் சொல்லப்போறதில்லை" என்றார். "சொல்ல வேண்டியவர் வேற."

*

கூட்ட அறை நிரம்பியிருந்தது. பத்திரிகைக்காரர்கள் முன் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்கள். வைத்தியர் கைகளைக் கட்டிக்கொண்டு, அடி வாங்கக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா எழுந்தார். "இன்னிக்கு முடிவு எதுவும் அறிவிக்கப்போறதில்லை. டம்மி ஜாடிகள்ல டம்மி இல்லை. நிஜ மருந்தே இருந்திருக்கு. சோதனை செல்லாது."

அறை இரைந்தது. வைத்தியர் துள்ளி எழுந்தார். ஒரே நொடியில் பத்து வயது குறைந்துவிட்டது அவருக்கு.

"நான் சொன்னேனா இல்லையா! சதி! யார் அது? பேரைச் சொல்லுங்க! ஊரறிய அவங்களை நிக்க வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காம விட மாட்டேன்!"

"சொல்லிடலாம்" என்றார் கண்ணாடிக்காரர், பின் வரிசையிலிருந்து. "அதுக்கு உங்க உதவி வேணும். நீங்க அனுப்பின டப்பாக்கள் ஒரு கூட்டத்துக்கு மட்டும்தான் போதும். இன்னொரு கூட்டத்துக்கான மருந்தை யாரோ புதுசா செஞ்சிருக்காங்க. அச்சு அசலா உங்க சூரணம்."

"சரி?"

"அப்படின்னா, சேர்மானமும் பக்குவமும் தெரிஞ்ச ஒருத்தர்தான் இதைச் செஞ்சிருக்க முடியும். இல்லையா?"

"ஆமாம்! கண்டிப்பா!"

"அது தெரிஞ்சவர் உலகத்துல யாரு?"

வைத்தியரின் வாய் திறந்தது. அப்படியே நின்றது.

"காலையில என் மேஜை முன்னால நின்னு சொன்னீங்க. நான் ஒருத்தன்தான்னு நெத்தியைத் தட்டிச் சொன்னீங்க. என் உதவியாளரும் கேட்டாங்க."

"கேட்டேன்" என்றாள் சில்வண்டு. "மோதிரம்கூட மின்னிச்சு."

பேனாக்கள் வைத்தியர் பக்கம் திரும்பின. ஒரு நிருபர் கேட்டார்: "அப்போ உங்க சோதனையை நீங்களே கெடுத்துட்டீங்களா சார்? தோத்துடுமோன்னு பயந்தா?"

"இல்லை! நான் எதுக்கு... நான் இல்லை!"

"அப்போ இந்த மருந்து தெரிஞ்ச இன்னொருத்தர் இருக்கார்" என்றார் கண்ணாடிக்காரர் மிருதுவாக. "ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். எதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நாங்க காத்திருக்கோம்."

வைத்தியரின் வெள்ளைக் கை நாற்காலி முதுகைப் பற்றியது.

"தம்பி சம்சாரத்துக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா..." முன் வரிசைப் பேனாக்களைப் பார்த்தார். "ஏன்னா, செஞ்சதே அவங்க ரெண்டு பேரும்தான். என் தம்பிதான் கண்டுபிடிச்சான்."

பக்கத்துக் கதவு திறந்தது. கல்வத்தக்கா உள்ளே வந்தார். யாரும் அழைக்கவில்லை. யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை.

"கெடுத்தது நான்தான்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "தண்டனை எதுவா இருந்தாலும் ஏத்துக்கிறேன். டாக்டரம்மா எந்தத் தப்பும் செய்யலை." பிறகு வைத்தியர் பக்கம் திரும்பினார். "தம்பின்னு சொன்னீங்க. தம்பிக்குப் பேரு உண்டு அத்தான்."

வைத்தியர் பெயரைச் சொன்னார். முணுமுணுப்பாக வந்தது.

"பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேட்கலை."

இன்னொரு முறை சொன்னார்.

"எழுதிக்கிறாங்க. நிதானமா, இன்னொரு தடவை."

மூன்றாம் முறை சொல்லும்போது வைத்தியரின் குரல் உடைந்தது. அந்தப் பெயரை எத்தனையோ வருடங்கள் ஒரே வீட்டில் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது. யாரும் சிரிக்கவில்லை. கல்வத்தக்கா கண்களை மூடி, பசியோடு வந்தவர் சாப்பிடுவது போல அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. டாக்டரம்மா அருகில் வந்தார். "சோதனையை மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். டம்மியை வேற ஆள் செய்வாங்க. நீங்க நாளையிலேருந்து இங்க வரக்கூடாது."

"சரிம்மா."

"தோத்தாலும் அப்படியேதான் அறிவிப்பேன். உங்க வீட்டுக்காரர் பேரோட."

கல்வத்தக்கா கொஞ்சம் யோசித்தார். "அவரும் அதைத்தான் கேட்டிருப்பார்" என்றார்.

சில்வண்டு கல்வத்தைத் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, இது கல்லா, இல்லை மலையைப் பேத்து எடுத்துட்டு வந்தாங்களா? நீங்களும் ஒரு கை பிடிங்க. புத்தி மட்டும் குடுத்தா போதாது." இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். "அந்த மருந்து வேலை செய்யுமா செய்யாதா மாமா?"

"தெரியலை. இனிமேதான் தெரியும்."

காலியான அறையில் வைத்தியர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. உதடு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்வத்தக்கா வாசல் வரை போய்விட்டார். நின்றார். திரும்பி வந்து, மேஜை மேல் இருந்த கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார். வைத்தியர் எதிரே வைத்தார். கறுத்த உள்ளங்கை ஒரு கணம் அந்த வெள்ளைக் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க அத்தான்" என்றார். "தண்ணி வேற. அது வேற. குடிங்க."

வைத்தியர் இரண்டு கைகளாலும் தம்ளரை எடுத்துக் குடித்தார். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் கல்வத்தக்கா நின்றுகொண்டிருந்தார்.